கல்கத்தா தட்டுல கிட்டாரு கம்மி

மேவிஸக்கா வீடா சார்? கண்ண மூடிக்கிட்டே போவேன் நானு. இப்ப கண்ணத் தொறந்துக்கிட்டுக்கூடப் போக முடியல, அது வேற கதை.

உக்காருங்க. அந்த ஸ்டூலு வேணாம், அதுக்கு நாலாவது காலு என் மச்சினன் மாதிரி. இருக்கும், தாங்காது. இந்தப் பொட்டி மேல உக்காருங்க. ஸ்பீக்கர் பொட்டிதான், ஒண்ணும் ஆவாது. அக்கா இப்ப மாதா கோயில்ல இருக்கும், பூசை முடிஞ்சுதான் வரும். அதுவரைக்கும் பூட்டுன கதவையா பாத்துக்கிட்டு நிப்பீங்க? டீ சொல்றேன்.

பெங்களூரா? அக்கா புருசன் ரெஜி தொரையோட பாட்டுத் தட்டுக்காகவா அங்கேர்ந்து வர்றீங்க? வாங்க வாங்க. எல்லா ஊர்லயும் ஒரு பைத்தியம் இருக்கும்னு தொரை சொல்லுவாரு. தப்பா எடுத்துக்காதீங்க, நானும் அதுல ஒரு ஆளுதான்.

தெருமுனை வரைக்கும் வந்து வீட்டக் காட்டுறேன். கேட்டுக்கிட்ட வரமாட்டேன். என் கூட வந்தீங்கன்னு தெரிஞ்சா உங்களுக்கும் தட்டு கெடைக்காது.

நான் என்ன பண்ணேனா? அதைத்தான் சார் நானும் கேக்குறேன். பொன்மலையில யாரை வேணா கேட்டுப் பாருங்க. அந்த வீட்டு ஞானஸ்நானம், கிறிஸ்துமஸ் டான்சு, வெள்ளிக் கல்யாணம் எல்லாத்துக்கும் கன்னியப்பன் மைக்செட்டுதான். தொரை அடக்கத்துக்கு மட்டும் காட்டூர்க்காரன் செட்டு வந்துச்சு. காட்டூர்க்காரன். அவன் செட்டுல ஒப்பாரி வெச்சா கோழி கூவுற மாதிரி கேக்கும். அவனைக் கூப்பிட்டுச்சு அந்தக்கா. அதுக்கும் முன்னாடிலேர்ந்தே என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. அடக்கத்தன்னிக்கு ஒரே ஒரு வார்த்தை பேசுச்சு, அத அப்புறம் சொல்றேன்.

நான் படிப்புல சூரப்புலி சார். அஞ்சாங்கிளாஸ்ல என்னை விட மனசில்லாம வாத்தியாரு மறுபடியும் மறுபடியும் உக்கார வெச்சாரு. இங்கிலீசு நமக்கு சுத்தமா வராது. ரயில்வே இன்ஸ்டிடூட்ல டான்சு நடக்கும், நான் மேடைக்குப் பின்னாடி ஆம்ப்ளிபயரைப் பாத்துக்குவேன். அவங்க ராக்கு மூசிக்குன்னு போடுவாங்க. பாட்டு என்ன சொல்லுதுன்னு தெரியாது. கிட்டாரு சொல்றது தெரியும். கிட்டாருக்கு எந்த ஊரு பாஷை? ஒரு தடவ பொட்டியில காதை ஒட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். தொரை வந்து பாத்தாரு. அப்ப அவரு கூட்ஸ் வண்டிக்கு கார்டு. "என்ன மேன், உள்ள யாராவது மாட்டிக்கிட்டானா?"ன்னாரு. "ஆமா தொரை, நல்லா வாசிக்கிறான், வெளிய எடுக்க மனசு வரல"ன்னேன். அன்னிக்குப் புடிச்ச சிநேகம்.

ஞாயித்துக்கிழமைன்னா சந்தை. பழைய சாமான் கடையில தட்டு பொறுக்குவோம். பொறுக்கிட்டு நேரா தொரை வீடு. நான், தொரை, அப்புறம் இன்சூரன்ஸ் சந்தானம். சந்தானம் படிச்ச ஆளு. எதுக்கும் காரணம் சொல்லுவாரு. மழை பேஞ்சா ஏன் நனையுதுன்னுகூட ஒரு காரணம் வெச்சிருப்பாரு.

உங்களுக்குத் தெரியாததா, ஒரே பாட்டுத் தட்டை லண்டன்ல ஒருத்தன் அச்சடிப்பான், ஜெர்மன்ல ஒருத்தன் அடிப்பான், ஜப்பான்ல ஒருத்தன் அடிப்பான், கல்கத்தாவுல நம்மாளு அடிப்பான். ஒரே கொழம்புதான், நாலு வீட்டுக் கரண்டி. அதுல எது ருசின்னுதான் எங்க சண்டை. நாங்க நாற்காலித் தட்டுன்னு ஒண்ணு வெச்சிருந்தோம். அட்டையில கடலு, கடலுக்கு நடுவுல ஒரு காலி நாற்காலி மெதக்கும். லண்டன் அட்டை கல்யாணப் பத்திரிகை மாதிரி விரியும். கல்கத்தா அட்டை விரியாது, கடலும் பாசி புடிச்ச மாதிரி பச்சையா இருக்கும். கடேசிப் பாட்டுல என்னமோ கெட்ட வார்த்தை வருதுன்னு நம்மாளு அந்தப் பாட்டையே எடுத்துட்டான். ஜப்பான்காரன் அட்டைக்கு இடுப்புல ஒரு பேப்பர் பட்டை கட்டி விடுவான், பட்டுப்பொடவைக்கு ஒட்டியாணம் கட்டுன மாதிரி. சந்தானம் ஜப்பான் கட்சி. தொரை லண்டன் கட்சி. நான் கல்கத்தா. நம்மூரு தட்டுல தாளம் நெஞ்சுல வந்து இடிக்கும் சார். லண்டன் தட்டு மாப்ள வீட்டுக்காரன் மாதிரி, ரொம்ப மருவாதையா தூரமாவே நிக்கும்.

"கன்னியப்பா, உனக்குத் தவுல் அடிச்சாதான் அது மூசிக்கு"ம்பாரு தொரை.

"ஆமா தொரை, உங்களுக்கு பிஸ்கோத்தோட குடுத்தாதான் அது டீ"ம்பேன்.

மேவிஸக்கா உள்ளேர்ந்து, "ரெண்டு பேருக்கும் இன்னிக்கு டீயே இல்ல மேன்"னு சொல்லும். சொல்லிட்டு கொண்டு வந்து வெக்கும். அப்படி ஒரு வீடு அது.

தொரைகிட்ட லண்டன் தட்டு இல்ல. இருந்துச்சு, அவரு தம்பி கிளைவ் ஆஸ்திரேலியா போறப்ப கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான். ஆங்கிலோ இந்தியங்க எல்லாரும் போனாங்க, தொரை மட்டும் போவல. கேட்டா, "அங்க சந்தை கெடையாது மேன்"ம்பாரு. அதனால கையில இருந்தது கல்கத்தா, மனசுல இருந்தது லண்டன். வருசக்கணக்கா அந்த ரெண்டுக்கும்தான் சண்டை.

அவரு பாட்டுக் கேக்குறதே ஒரு சடங்கு. கூடத்துல ஒரு பிரம்பு நாற்காலி. அதுக்கு ரெண்டு பக்கமும் ஒரு முழம் தள்ளி ரெண்டு பொட்டி, காது ஒசரத்துக்கு. நடுவுல போயி உக்காந்து கண்ண மூடிக்குவாரு. நாற்காலித் தட்டுல ரெண்டாவது பக்கம் ஆரம்பத்துல கிட்டாரு தனியா வரும், இடது பொட்டியில மட்டும். கொஞ்ச நேரம் அது மட்டும்தான். அப்புறம்தான் வலது பக்கம் தாளம் வந்து சேரும். புருசன் புலம்பி முடிச்சப்புறம் பொண்டாட்டி ஆரம்பிக்கிற மாதிரி.

ஒரு ஞாயித்துக்கிழமை, அந்த எடத்துல கண்ணத் தொறந்தாரு. "கிட்டாரு கம்மியா இருக்கு மேன்"னாரு.

"எது கம்மி?"

"இடது பக்கம். கல்கத்தாக்காரன் கிட்டாரை முழுங்கிட்டான். லண்டன்ல இப்படி இருக்காது."

இத்தன வருசம் இல்லாத கம்மி இப்ப எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டேன். இத்தன வருசமா கவனிக்கலன்னாரு. நான் அந்த நாற்காலியில உக்காந்து கேட்டேன். ஒரு குறையும் இல்ல. எனக்குக் காது இல்லன்னாரு. சந்தானத்தை உக்கார வெச்சோம். அவரு எப்பவும் நடுவுல நிப்பாரு, ரெண்டு பேருக்கும் ஆமாம்பாரு. மூல ரிக்கார்டிங்க லண்டன்காரன் குடுக்க மாட்டான், நகலுக்கு நகல்தான் கல்கத்தாவுக்கு வரும், அதுல ஒரு பக்கம் தேஞ்சிருக்கலாம்னாரு. தொரைக்கு அது போதும். எல்லாத் தட்டையும் எடுத்துப் போட ஆரம்பிச்சாரு. கல்கத்தாவுல அடிச்சது பூரா இடது பக்கம் கம்மின்னு சாதிச்சாரு. சரி, நம்ம பழைய தமிழ்ப் பாட்டைப் போடுங்கன்னேன். அது கல்கத்தாவுல அடிச்சதுதானே? போட்டா, குறை இல்லைங்கிறாரு. அதுல ரெண்டு பொட்டியிலயும் ஒரே சத்தம்தான் சார் வரும், பழைய ரிக்கார்டிங்கு. அப்ப எனக்கு ஒரே குஷி. "பாருங்கய்யா, நம்மாளு நம்ம பாட்ட முழுங்கல, வெள்ளக்காரன் பாட்டத்தான் முழுங்கியிருக்கான், சுதந்திரம் வாங்குனவன்யா"ன்னேன். சந்தானம் சிரிச்சு டீ மூக்குல ஏறிடுச்சு.

அந்த வருசம் பூரா இதே பேச்சு. அக்கா சமையக்கட்டுலேர்ந்து கூப்பிடும், தொரை திரும்ப மாட்டாரு. "கல்யாணம் ஆனவனுக்கெல்லாம் ஒரு காது அப்படித்தான்க்கா, கடவுள் குடுத்த வசதி"ன்னு நான் சொல்லுவேன். அக்காவே சிரிக்கும். போனை வலது காதுலதான் வெப்பாரு. நடக்குறப்ப லேசா ஒரு பக்கமா சாய்வாரு. "கார்டு வண்டியில ஆடி ஆடிப் பழகிட்டாரு, தரை ஆடலன்னா அவரு ஆடுறாரு"ன்னேன். வாய் சும்மா இருக்காது சார் எனக்கு. ஆனா யாரும் கோவிச்சுக்கிட்டதில்ல. தொரையும் சிரிப்பாரு.

அப்புறம் அவரு தம்பிக்குப் போன் போட்டாரு. அந்த லண்டன் தட்டை அனுப்பி வைடான்னு. கிளைவு நல்லவன். ஊருக்கு வந்த ஒரு குடும்பத்துக்கிட்ட குடுத்தனுப்புனான், துணி சுத்தி, அட்டை வெச்சு, கொழந்தைய அனுப்புற மாதிரி. தொரை அன்னிக்கு ஷேவிங் பண்ணி, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நாந்தான் தட்ட வெச்சேன். ரெண்டாவது பக்கம். முள்ளு எறங்குச்சு.

கண்ண மூடுனாரு. நாங்க அவரு மொகத்தையே பாத்துக்கிட்டிருக்கோம். கிட்டாரு வருது. நான் நின்ன எடத்துல அழகா வருது சார், தண்ணி சொட்டுற மாதிரி. தொரை மொகத்துல ஒண்ணும் வரல.

"இது அது இல்ல"ன்னாரு.

"எது எது இல்ல?"

"இது என் தட்டு இல்ல மேன். கிளைவு மாத்திட்டான். ஆஸ்திரேலியாவுல அடிச்ச தட்ட லண்டன் அட்டையில போட்டு அனுப்பியிருக்கான்."

சந்தானம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு தட்டுல செதுக்குன நம்பரப் பாத்து, லண்டன்தான்னு சொன்னாரு. தொரை கேக்கல. தம்பிக்குப் போன் போட்டு கத்துனாரு. இங்கிலீசுல திட்டுனாரு, அது எனக்குப் புரியல. கடேசியில தமிழ்ல, "கூடப் பொறந்தவன ஏமாத்துறியேடா"ன்னாரு. அது புரிஞ்சுது. போன வெச்சிட்டாரு. அதுக்கப்புறம் தம்பி போன் பண்ணா எடுக்கல.

ஒரு தட்டுக்காக. நாங்க சண்டை போடுவோம் சார், சாயங்காலம் சேந்து பஜ்ஜி திம்போம். இவரு தம்பியவே வேணாம்னுட்டாரு.

வீடு எழவு வீடு மாதிரி ஆயிடுச்சு. சரி, தொரைய சிரிக்க வெப்போம்னு ஒரு யோசனை பண்ணேன். இதுதான் சார் நான் பண்ணது, நீங்களே கேட்டு ஞாயம் சொல்லுங்க. அவரு குளிக்கப் போன நேரம். ஆம்ப்ளிபயருக்குப் பின்னாடி இடது ஒயரை வலதுல சொருகுனேன், வலதை இடதுல சொருகுனேன். முடிஞ்சுது. குண்டு வெச்ச மாதிரி ஊருல பேசுது அந்தக்கா. ஒயரு சார், ரெண்டு ஒயரு. சந்தானத்துக்கிட்ட கண்ணடிச்சேன். தொரை வந்ததும், "சந்தானத்தோட சிநேகிதரு ஜப்பான் தட்டு குடுத்தனுப்பியிருக்காரு தொரை, ஒருக்கா கேளுங்க"ன்னேன். வெச்சது நம்ம பழைய கல்கத்தா தட்டு. அட்டைய மறைச்சுட்டேன்.

உக்காந்தாரு. இஷ்டமே இல்லாம கண்ண மூடுனாரு. கிட்டாரு வந்துச்சு, இப்ப வலது பொட்டியில.

தொரை கை ரெண்டும் நாற்காலிய இறுக்கிப் புடிச்சுது. கண்ணத் தொறக்கல. மூடுன கண்ணுலேர்ந்து தண்ணி. "மேவிஸ், மேவிஸ்"னு கூப்புடுறாரு. அக்கா ஈரக்கையோட ஓடி வந்துச்சு. "கேளு மேவிஸ், வந்திருச்சு, கிட்டாரு வந்திருச்சு, வீடு பூரா கேக்குது"ங்கிறாரு. அக்காவும் என்னமோ ஏதோன்னு அவரு தோளுல கை வெச்சு நின்னு கேட்டுச்சு.

எனக்கு அடக்க முடியல. சிரிச்சிட்டேன். முள்ளத் தூக்கிட்டு, கல்கத்தா அட்டைய எடுத்து அவரு மடியில போட்டேன். "தொரை, நீங்க அழுதது நம்மூரு தட்டுக்கு"ன்னேன். ஒயரையும் காட்டுனேன். சந்தானம் வயித்தப் புடிச்சுக்கிட்டு தரையில உக்காந்துட்டாரு. ஊரு பூரா இதச் சொல்லிச் சொல்லி சிரிச்சோம். இன்னிக்கும் என் வேலையிலயே இதுதான் நம்பர் ஒண்ணு, சும்மா சொல்லக்கூடாது.

தொரை சிரிக்கல. அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "அப்ப எப்படி மேன் கேட்டுச்சு எனக்கு?"ன்னு கேட்டாரு. என்னைக் கேட்டாரு, சந்தானத்தைக் கேட்டாரு. எது கேட்டாலும் காரணம் சொல்ற சந்தானம் அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டிருந்தாரு. நான், "லண்டன் மயக்கம் தொரை, போகப் போகத் தெளிஞ்சிரும்"னேன்.

அதுக்கப்புறம் அவரு சந்தைக்கு வர்றதக் கொறச்சுட்டாரு. கோவம்னு நெனச்சேன். தலவலின்னு அக்கா சொல்லுச்சு. தலவலி யாருக்குத்தான் இல்ல, எனக்கு வீட்டுலயே ஒண்ணு இருக்குதேன்னேன். அப்புறம் ஒரு நா அக்காவோட காய் வாங்க வந்தவரு, சும்மா நின்ன எடத்துலேர்ந்து இடது பக்கமாச் சாஞ்சு தக்காளிக் குவியல் மேல விழுந்தாரு. சந்தையே திரும்பிப் பாக்குது. "காலைலயே ஏத்திட்டாருடா தொரை"ன்னு எவனோ சொன்னான். நான் சொல்லல. நானும்தான் சொன்னேன்னு அக்கா மத்தவங்ககிட்ட சொல்லுது. சொல்லியிருப்பேன், யாரு கண்டா. தூக்குனது நாந்தானே. சட்டையெல்லாம் தக்காளி. என் தோளுல சாஞ்சுக்கிட்டு வாந்தி எடுத்தாரு.

ஆஸ்பத்திரியில படம் எடுத்தாங்க. இடது காதுலேர்ந்து மூளைக்குப் போற நரம்புல கட்டி. எலுமிச்சங்கா அளவு வளந்திருச்சு. எவ்வளவு நாளா இடது காது கேக்கலன்னு டாக்டரு கேட்டாராம். காது கேக்கலன்னு அவரு சொன்னதே இல்ல டாக்டர், பாட்டுத் தட்டுலதான் இடது பக்கம் கம்மின்னு சொல்லிக்கிட்டிருந்தாருன்னு அக்கா சொல்லியிருக்கு. அப்படியே லண்டன் தட்டு, தம்பி சண்டை, நான் ஒயரு மாத்துனது, எல்லாத்தையும் சொல்லியிருக்கு. டாக்டரு எழுதறத நிறுத்திட்டாராம். "நாங்க செய்யற டெஸ்டே அதுதாம்மா. அன்னிக்கே கூட்டிக்கிட்டு வந்திருந்தா சின்ன ஆபரேஷன்"னாராம்.

பாத்தீங்களா சார். டாக்டரே சொல்லிட்டாரு நான் பண்ணது டெஸ்டுன்னு. அவரு செஞ்சா டெஸ்டு, கன்னியப்பன் செஞ்சா கேலியா? இத அக்காக்கிட்ட ஆஸ்பத்திரி வராந்தாவுல நானே சொன்னேன், கொஞ்சம் தைரியம் வரட்டும்னு. அக்கா என்னைப் பாத்துச்சு. எழுந்து அடுத்த பெஞ்சுல போய் உக்காந்துச்சு. அன்னிலேர்ந்துதான் இந்த ஊமை வெரதம்.

ஆபரேஷனுக்கு முன்னாடி தொரையப் பாத்தேன். மொட்டை அடிச்சிருந்தாங்க. மொகத்துல ஒரு பக்கம் தொங்கிப் போச்சு. நான் கட்டிலுக்கு இடது பக்கம் நின்னு பேசிக்கிட்டே இருக்கேன், அவரு சுவத்தப் பாத்துக்கிட்டிருக்காரு. நர்சு வந்து, அந்தப் பக்கமா போய் நில்லுங்கன்னு தள்ளி விட்டுச்சு. போனேன்.

"கன்னியப்பா, அப்ப கல்கத்தா தட்டுல குறை இல்லையா மேன்?"

"இல்ல தொரை."

"லண்டன்லயும் இல்ல."

"அதுலயும் இல்ல."

"கிளைவுக்குப் போன் போடு"ன்னாரு. போட்டேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுக்கல. அங்க எந்நேரமோ. "அப்புறம் போடுவோம் தொரை"ன்னேன். "சரி, நீதான் ஜெயிச்ச மேன்"னாரு. நல்லா இருக்குற பக்கத்து ஒதடு மட்டும் சிரிச்சுது. இத்தன வருசத்துல அவரு அப்படிச் சொன்னது அன்னிக்குத்தான்.

ஆபரேஷன் ஆச்சு. கண்ணு முழிக்கல. கிளைவு பிளேன் புடிச்சு வந்தான், தொரை கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். ரெண்டாவது வாரம் தொரை போயிட்டாரு.

அடக்கம் கல்லறைத் தோட்டத்துல. நல்ல கூட்டம், ரயில்வே ஆளுங்க பூரா வந்துட்டாங்க. ஆம்பளைங்கள்லாம் ஒரு பக்கமா ஒதுங்குனாங்க, நானும் ஒதுங்குனேன். காட்டூர்க்காரன் ரெண்டு பொட்டிய ரெண்டு பக்கமும் கட்டியிருந்தான். சாமியாரு மைக்குல ஆரம்பிச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, எங்க பக்கத்துப் பொட்டி பேசல. செத்த பொட்டியை நான் பத்தடி தூரத்துலயே கண்டுபிடிச்சிருவேன் சார், அது என் தொழிலு. ஒயரு கழண்டிருக்கும், வேற ஒண்ணுமில்ல. காட்டூர்க்காரன் கேட்டுக்கு வெளிய பீடி புடிச்சுக்கிட்டிருக்கான். பாதிக் கூட்டத்துக்கு ஒண்ணும் கேக்கல. இத்தன பேரு நிக்கிறாங்க, தொரைக்கு கடேசி ஜெபம், ஒருத்தன் சும்மா பாத்துக்கிட்டு நிக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. மெதுவாப் போயி பொட்டிக்குப் பின்னாடி குனிஞ்சு ஒயரத் தொட்டேன்.

"கன்னியப்பா."

நிமிந்தேன். மேவிஸக்கா. கறுப்புத் துணிக்குள்ளேர்ந்து என்னையே பாக்குது. சத்தம் போடல. ஜெபத்துக்கு நடுவுல மெதுவாத்தான் சொல்லுச்சு, "ஒயர்ல கை வெக்காதே"ன்னு.

கையை எடுத்துட்டேன். திரும்பி வந்து சத்தம் வராத எங்க பக்கத்துலயே நின்னேன். சாமியாரு வாய் அசையுது. கிளைவு தோளு குலுங்குது. அந்தப் பக்கத்துல இருக்குறவங்க தலையக் குனிஞ்சா எங்க பக்கமும் குனிவோம். அவங்க ஆமென்னா நாங்களும் ஆமென்னு சொல்லுவோம். என்ன சொல்லி அனுப்புனாங்கன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது சார்.